ரூல்தடி வைத்துக் கடித்த பூச்சி

"பூச்சிதானேம்மா? அஞ்சு மணிக்குள்ள எழுதி அனுப்பு. காலையில ஆளுங்க ரம்பத்தோட வந்துருவாங்க" என்றார் வனத்துறை ரேஞ்சர் தேவேந்திரன் போனில். மரங்கள் ஏன் பட்டுப்போயின என்று அவருக்கு அறிக்கை எழுதவேண்டிய சிநேகா, ட்ரோன் எடுத்த படத்தை விரலால் பெரிதாக்கிக்கொண்டிருந்தாள். அவரைக் குறை சொல்ல முடியாது. போன வருஷம் புதுப்பட்டினத்துச் சவுக்குத் தோப்பில் துளைக்கிற புழு இருபது மரங்களைத் தின்று தீர்த்தது. பரவாமல் தடுக்க, பட்டுப்போன மரங்களை வெட்டத்தான் வேண்டும்.

ஆனால் இந்தப் படத்தில் அறுபது மரங்கள் பழுத்துப்போய், சாலையிலிருந்து கடல்வரை ஒரே நேர்கோட்டில் நின்றன. ஒரு லாரி போகிற அகலம். பூச்சி என்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தின்னும். ரூல்தடி வைத்தா கடிக்கும்?

தோப்பை ஒட்டித்தான் அவர்கள் வீடு. புயலடித்தால் காற்றைத் தடுக்க இந்தச் சவுக்கை விட்டால் அந்தக் காலனிக்கு வேறு நாதியில்லை.

தோப்புக்குள் ஓடினாள். பட்ட மரம் ஒவ்வொன்றிலும் இடுப்பு உயரத்தில் ஒரு துளை, அதை அடைத்து வெள்ளை சிமெண்ட். சுரண்டினால் களைக்கொல்லி மருந்து வாடை குப்பென்று அடித்தது. அடுத்த மரத்துச் சிமெண்டில் ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது. பாதி நகமில்லாத கட்டைவிரல். அவள் வீட்டு சுவிட்ச் போர்டுகளின் ஓரத்திலெல்லாம் இதே தடம் உண்டு. எலக்ட்ரீஷியன் கிருபாகரன், அவளுடைய சொந்த அண்ணன், வேலை முடித்ததும் அழுத்திவிட்டுப் போகிற தடம்.

அவள் போன் போட்டதும் அண்ணன் பைக்கில் வந்து இறங்கினான்.

"இன்னாண்ணா பண்ணிவச்சிகீற?"

அவன் மறுக்கக்கூட இல்லை. "பூச்சின்னு எழுதிடு சிநேகா. மரத்த வெட்டி இங்க ரோடு போட்டாத்தான் ரிசார்ட்டு வரும். எனக்கு நிரந்தர வேலை தரேன்னுகீறாங்க."

"மரம் போனா புயல்ல நம்ம வூட்டு கூர ஷீட்டு நிக்குமா? அம்மா எங்க போய்ப் படுக்கும்?"

"அதுக்காக என்ன ஜெயில்ல தள்ளுவியா? உன்ன சைக்கிள்ல வச்சி ஸ்கூலுக்கு இட்டுகினு போனவன்டி நானு."

அது அவள் நெஞ்சில் தைத்தது. அந்த நேரம் பார்த்து ரேஞ்சரிடமிருந்து போன் வந்தது. ஐந்தாகப் பத்து நிமிஷம்.

"என்னம்மா, பூச்சிதானே?"

"பூச்சி இல்ல சார். துளை போட்டு மருந்து ஊத்தியிருக்காங்க."

"யாரு?"

கிருபாகரன் கையெடுத்துக் கும்பிட்டான். அவளால் பார்க்க முடியவில்லை, அழுகை வந்துவிட்டது.

"பக்கத்துலதான் நிக்கிறாரு சார். அவரே சொல்லுவாரு" என்று போனை அண்ணன் கையில் திணித்தாள்.