கால் கழுவும் பேசின்

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் வந்தாலே ஜாய்ஸுக்கு அருவருப்புதான். சாயங்காலப் பூசையில், இயேசு தன் சீடர்களுக்குச் செய்ததுபோல, சாமியார் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவுவார். அந்தப் பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே டெட்டால் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி, பவுடர் அடித்துக்கொண்டு வர வேண்டும் என்பது கோயில் நிர்வாகம் பார்க்கும் பங்குப் பேரவைச் செயலாளர் சூசைராஜின் உத்தரவு. அழுக்கே இல்லாத காலைக் கழுவுவதைப் படம் பிடிக்க ஒரு கேமராக்காரர் வேறு. தூ!

ஆனாலும் கல்பாக்கம் குவார்ட்டர்ஸிலிருந்து ஸ்கூட்டியில் வந்து பீடத்துணிக்கு இஸ்திரி போடுவதும் பூ வைப்பதும் அவள்தான். அந்த வேலை அவளுக்கு உயிர். அன்று மத்தியானம், கால் கழுவும் எவர்சில்வர் பேசினை எடுக்கலாமென்று பீரோவைத் திறந்தால், பேசினைக் காணோம்.

கோயிலுக்குப் பின்னால் குழாயடியில் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தாள். கோயில் பெருக்கும் மார்கரெட் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் அந்தப் பேசின். அதற்குள் சர்க்கரை வியாதியில் இரண்டு விரல் போய், மிச்சமும் சீழ் பிடித்த ஒரு கால். பக்கத்துக் குப்பத்துக் கருப்பனுடைய கால். நாற்றம் தாங்காமல் பெற்ற பிள்ளைகளே அவரை வலைக் கொட்டகையில் படுக்கச் சொல்லிவிட்டார்கள். ஜாய்ஸ் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“அய்யய்யே! கோயில் பேசின்லயா?”

“கால் கழுவத்தானக்கா வாங்கினாங்க? வருசம் பூரா சும்மாத்தான கீது,” என்றாள் மார்கரெட். “டெய்லி கழுவி கட்டு மாத்தினா காலு நிக்கும்னு செங்கல்பட்டு ஆஸ்பத்திரில சொன்னாங்க. இல்லாங்காட்டி எடுத்துருவாங்களாம். யாராண்டயும் சொல்லிராதக்கா. ஊருக்குத் தெரிஞ்சா இவரு வரமாட்டாரு. ரோசக்காரரு.”

அதற்குள் வாசலில் பைக் சத்தம். கருப்பன் கம்பை ஊன்றி எழுந்து சுவருக்குப் பின்னால் ஒதுங்கினார். சூசைராஜ் நேரே குழாயடிக்கே வந்துவிட்டார். பேசினில் சீழ்த் துணி மிதந்துகொண்டிருந்தது.

“இன்னா கருமம் இது! யாரு பண்ண வேலை? ஃபாதராண்ட சொல்லி இன்னிக்கே சீட்டைக் கிழிக்கிறேன்!”

மார்கரெட்டின் முகம் வெளுத்தது. இவள் வேலை போனால் அந்த மனிதரின் காலும் போகும் என்பது ஜாய்ஸுக்குச் சட்டென்று உறைத்தது. வாய் முந்திக்கொண்டது.

“நான்தான் சார். எங்க வீட்டு நாய்க்குக் கால்ல புண்ணு. கொண்டாந்து கழுவினேன்.”

சொன்ன பிறகுதான் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்பவரின் நினைவு வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

“நாய்க்கா? சே! படிச்ச பொம்பள செய்ற காரியமா? இனிமே பீட வேலைக்கு நீங்க வர வேணாம்.” பேசினைக் காலால் எத்திக் குப்பைமேட்டில் தள்ளிவிட்டுப் போனார்.

சாயங்காலப் பூசையில் ஜாய்ஸ் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பணிவிடையைப் பற்றிச் சாமியார் உருக்கமாகப் பேசினார். புதுப் பேசினில் சூசைராஜின் காலை வைத்து, சங்கில் பால் புகட்டுகிற மாதிரி நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, துடைத்து, முத்தமிட்டார். கேமரா பளிச்சென்றது. பவுடர் வாசனை கடைசி வரிசை வரைக்கும் வருவதாகத் தோன்றியது அவளுக்கு. பாதியிலேயே எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

மறுநாள் காலை குழாயடிக்குப் போனாள். மார்கரெட் பழைய பேசினைப் பொறுக்கி வந்து சாம்பல் போட்டுத் தேய்த்து வைத்திருந்தாள்.

“வரமாட்டாருக்கா. நேத்தே மொகம் கொடுக்காம பூட்டாரு,” என்றாள்.

ஜாய்ஸுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. வேறு எதையாவது சொல்லியிருக்கக் கூடாதா? உள்ளே பெரிய வெள்ளிச் சிலுவைப்பாதை ஜெபம் பாதி முடிந்திருந்தது. அப்போது கம்பு தட்டும் சத்தம் கேட்டது. கருப்பன் வந்து கல்லில் உட்கார்ந்தார். மார்கரெட்டைப் பார்க்கவில்லை, ஜாய்ஸைத்தான் பார்த்தார்.

“நாய் வந்துகீதும்மா,” என்று காலை நீட்டினார்.

ஜாய்ஸ் மார்கரெட்டை நகரச் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து கட்டைப் பிரித்தாள். நாற்றம் முகத்தில் அடித்தது. மூக்கைப் பொத்தலாமென்றால், இரண்டு கையும் அவர் காலில் இருந்தன.