எண்பது அங்குல வண்டி

அளவு விஷயத்தில் என்னை யாரும் குறை சொன்னதில்லை. பதினான்கு வருடமாக ஒரே கடைக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறேன். யாரோ போய் அளந்து எழுதி அனுப்பும் சீட்டைப் பார்த்தே, "இது தப்பு, இந்த ஜன்னல் இவ்வளவு குட்டையா இருக்காது" என்று சொல்லிவிடுவேன். திரும்ப அளந்து பார்த்தால் நான் சொன்னதுதான் சரியாக இருக்கும்.

ஆனால் அந்த ஜன்னல்களில் ஒன்றைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. மெஷின் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தது. துணி வரும், தைத்தது போகும். நான் பார்த்த ஒரே ஜன்னல் என் தலைக்கு நேராக இருந்ததுதான். அதற்கு ஒரு திரை தைத்துப் போட எனக்கு நேரம் கிடைத்ததில்லை என்பது வேறு கதை.

இரண்டு மாதத்துக்கு முன் கடை முதலாளியம்மா கூப்பிட்டனுப்பினார். "அளவெடுக்கிறவன் வேலையை விட்டுட்டான். நீ வர்றியா? வீடு வீடா போகணும். ஆனா சொந்த வண்டி வேணும். சாம்பிள் மூட்டையும் கம்பியும் தூக்கிட்டு நீ பஸ்ல ஏறினா கண்டக்டர் உன்னையும் சேர்த்து இறக்கி விட்டுருவார். ரெண்டு மாசம் டைம் தர்றேன். அதுக்கப்புறம் வர்ற முதல் திங்கக்கிழமை வண்டியோட வா. வரலைன்னா வேற ஆள் பாத்துக்கறேன்."

"வர்றேன்" என்று சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டில் அதுவரை சைக்கிள்கூடக் கிடையாது. என் வீட்டுக்காரர் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்க்கிறார். இரண்டு சக்கரத்தில் எது வந்தாலும் சுவரோரம் ஒதுங்கி நிற்கிற ஆள். பக்கத்துத் தெரு மெக்கானிக்கின் மனைவியிடம் கெஞ்சிக் கூத்தாடி, ஐந்து வாரம் காலி மைதானத்தில் மோட்டார் சைக்கிள் பழகினேன். முழங்காலில் தோல் போனது, உரிமம் வந்தது. ஷோரூமில் வண்டிக்கும் முன்பணம் கட்டியாயிற்று. மிச்சம் இருந்தது ஒன்றுதான், அதை நிறுத்த ஓர் இடம்.

அதில்தான் அண்ணி குறுக்கே வந்தார். அண்ணி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. வீடு அவருடையது. அவர் மாடியில், நாங்கள் கீழே. பல வருடத்துக்கு முன் அவர் ஆசை ஆசையாக வாங்கிய ஸ்கூட்டர் எட்டே நாளில் வாசலிலிருந்து களவு போனது. அன்றிலிருந்து அவருக்குத் தெருவில் போகிற எவனும் திருடன்தான்.

"உள்ள நின்னாத்தான் அது நம்ம வண்டி. வாசல்ல நின்னா திருடனுக்கு வாங்கிக் குடுத்த வண்டி. உள்ள வைக்க வழியிருந்தா வாங்கு. இல்லேன்னா என் வீட்டுக்கு வண்டி வேண்டாம்" என்றார்.

"மாடிப்படிக்கு அடியில வைக்கிறேன் அண்ணி."

"அங்க என் சாமானெல்லாம் இருக்கே."

இருந்தது. சுற்றாத மின்விசிறி இரண்டு, காய்ந்துபோன பெயின்ட் டப்பா ஆறு, கால் ஒடிந்த கட்டில், எந்த வாசலுக்கும் சேராத ஒரு கதவு. "கதவு எதுக்கு?" என்றால் "எதுக்காவது ஆகும்" என்பார். நான்கு நாள் அவரோடு மல்லுக்கு நின்றேன். ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு சண்டை. கட்டிலுக்கு மட்டும் இரண்டு. கடைசியில் எல்லாவற்றையும் மொட்டை மாடிக்கு ஏற்றினோம். கதவைத் தூக்கிய என் வீட்டுக்காரர் இரண்டு நாள் நிமிரவில்லை.

அப்புறம் என் வேலையைத் தொடங்கினேன். ஷோரூமுக்குப் போய், நான் கேட்ட அதே மாதிரி வண்டியை டேப் வைத்து அளந்தேன். நீளம் எண்பது அங்குலம். ஹேண்டிலின் அகலம் முப்பத்தொன்று. கண்ணாடியோடு உயரம் நாற்பத்து மூன்று. அங்கிருந்தவர் "வண்டிக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?" என்றார். "தைச்சா உங்களுக்குச் சொல்லி அனுப்பறேன்" என்றேன்.

என் வீட்டுக்காரர் அச்சகத்திலிருந்து பழுப்புக் காகிதச் சுருள் கொண்டுவந்தார். அதில் வண்டியை மேலிருந்து பார்க்கிற மாதிரி முழு அளவில் வரைந்து, சுற்றிலும் இரண்டு அங்குலம் தளர்வு விட்டு வெட்டினேன். துணி வெட்டினாலும் அப்படித்தான் செய்வேன். எங்கள் வீட்டில் கேட்டைத் திறந்தால் சுவரை ஒட்டி ஒரு சந்து, நாற்பத்திரண்டு அங்குல அகலம். அது நேராக உள்ளே போய், கடைசியில் இடது பக்கம் திரும்பி மாடிப்படிக்கு அடியில் முடியும். முன்பக்கத்தை நான் பிடிக்க, பின்பக்கத்தை அவர் பிடிக்க, காகித வண்டியைச் சந்து வழியாகக் கொண்டுபோய்ப் படிக்கு அடியில் விரித்தோம். அச்சாகப் பொருந்தியது. தலைமாட்டில் ஹெல்மெட்டுக்கு ஓர் ஆணி அடித்தேன். அண்ணி மேலிருந்து எட்டிப் பார்த்து, "சரி" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துக்கொண்டார். எனக்கு அன்று கால் தரையில் பாவவில்லை.

சனிக்கிழமை மூன்று மணிக்கு வண்டி வந்தது. கருநீலம். கொண்டுவந்தவர் கனத்த சரீரக்காரர், வேர்த்து விறுவிறுத்து அதைச் சந்துக்குள் தள்ளினார். நான் முன்னால் நடந்து "வாங்க வாங்க" என்று வழிகாட்டினேன். கடைசித் திருப்பத்தில் முன்சக்கரம் சுவரில் முட்டியது. கொஞ்சம் பின்னால் இழுத்தார். மறுபடி முட்டியது. நானும் பிடித்துத் தள்ளினேன். ஹேண்டில் ஒரு சுவரில், பின்சக்கரம் இன்னொரு சுவரில். அதற்கு மேல் ஓர் அங்குலம் நகரவில்லை.

"இது திரும்பாதும்மா. இந்த வண்டி என்ன, எந்த வண்டியும் இங்க திரும்பாது" என்றார் அவர்.

"அளந்து பாத்தேன். பொருந்திச்சு" என்றேன்.

என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "அது காகிதம். மூலைல நாம அதை வளைச்சுத்தான கொண்டுபோனோம்."

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. பதினான்கு வருடம் துணியோடு புழங்கிய கை. துணி எந்த மூலையிலும் வளைந்து போகும். அந்த நினைப்பிலேயே இரும்புக்கும் அளவெடுத்திருக்கிறேன். இரண்டு அங்குலத் தளர்வு வேறு விட்டேனாம்! சொந்த வீட்டுச் சந்தை அளக்கத் தெரியாதவள் ஊரார் வீட்டு ஜன்னலை அளக்கக் கிளம்பிவிட்டாள். வெட்கத்தில் காது சுட்டது.

அண்ணி படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். "கொண்டுபோகச் சொல்லு. இடம் இருக்கிறப்ப வாங்கிக்கலாம்" என்றார்.

"திங்கக்கிழமை வேலைக்குப் போகணும் அண்ணி."

"தெருவுல மட்டும் விட மாட்டேன். நான் சொன்னா சொன்னதுதான்."

வண்டியைப் பின்னாலேயே இழுத்துத் தெருவுக்குக் கொண்டுவந்தோம். "நான் ஆறு மணிக்குள்ள ஷோரூம்ல இருக்கணும். வைக்கிறதா, எடுத்துட்டுப் போறதா?" என்றார் வந்தவர். "பத்து நிமிஷம்" என்று சொல்லிவிட்டு முன்னறையின் வாசற்படியில் உட்கார்ந்தேன். அழுகை வந்தது. அழுதால் பத்து நிமிடமும் அதிலேயே போய்விடும் என்று அடக்கிக்கொண்டேன். எதிரே வண்டி. என் முதுகுக்குப் பின்னால் முன்னறைக் கதவு.

சடக்கென்று எழுந்து கதவை அளந்தேன். முப்பத்தாறு அங்குலம். தெருவிலிருந்து நேராக உள்ளே. திருப்பமே கிடையாது. இரண்டு படிகள் மட்டும்தான். இந்தத் தடவை காகிதத்தை நம்பவில்லை. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, மொட்டை மாடியில் கிடந்த அந்த அநாதைக் கதவைக் கொண்டுவரச் சொன்னேன். பாவம், முதுகைத் தடவிக்கொண்டே போனார். அது எண்பது அங்குலம், வளையாத மரம். இருவரும் தூக்கி வாசல் வழியாக நேரே உள்ளே நீட்டினோம். பாதி போனதும் என் தையல் மெஷினில் இடித்தது.

"மெஷின் இருக்கே" என்றார் அவர்.

"மெஷின் பிரியும். வண்டிதான் பிரியாது" என்றேன்.

பெல்ட்டைக் கழற்றினேன். மெஷின் தலையை இரண்டு திருகாணி தளர்த்தித் தூக்கினேன். மேசை வேறு, கால் வேறு. துணிக் கட்டு, நூல் கண்டு, அயர்ன் பாக்ஸ் எல்லாம் சந்து வழியாக அந்த மூலையைத் திரும்பி ஒவ்வொன்றாகப் படிக்கு அடியில் போய்ச் சேர்ந்தன. வந்தவரும் சும்மா நிற்க மனமில்லாமல் ஒரு கை கொடுத்தார். மெஷின் இருந்த இடத்தில் நான்கு கால் தடமும், என் நாற்காலி தேய்த்த தழும்பும் தரையில் தெரிந்தன. பதினான்கு வருடம் லேசில்லை. துடைப்பத்தை எடுத்துப் பெருக்கிவிட்டேன்.

அநாதைக் கதவைப் படிகள்மேல் சாய்வாகப் போட்டோம். "எதுக்காவது ஆகும்னு சொன்னேன்ல" என்றது அண்ணியின் குரல். திரும்பிப் பார்க்க எனக்கு நேரமில்லை. ஹேண்டிலை நானே பிடித்தேன். "ஒண்ணு, ரெண்டு, தள்ளு." வண்டி கதவில் ஏறி, வாசலில் நுழைந்து, உள்ளே போய் ஜன்னலுக்கு அடியில் நின்றது. இரண்டு பக்கமும் ஆள் நடக்க இடமிருந்தது. வந்தவர் சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஐந்தேகாலுக்கெல்லாம் கிளம்பினார்.

அண்ணி முன்னறைக்குள் வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். ஜன்னலைப் பார்த்தார், தரையில் இருந்த தழும்பைப் பார்த்தார். "வெளிச்சம் வர்ற இடத்தையெல்லாம் வண்டிக்குக் குடுத்துட்டே. நீ எங்க உக்காருவ?"

"நான் எங்க அண்ணி உக்காரப் போறேன்? திங்கக்கிழமைல இருந்து வெளியதான இருப்பேன்."

அவர் விறுவிறுவென்று மாடிக்குப் போய்விட்டார். வாய் நீண்டுவிட்டதோ என்று எனக்குப் பயமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் இறங்கி வந்தார். கையில் ஒரு தடித்த சங்கிலியும் பூட்டும். சங்கிலியில் கடைக்காரன் கட்டிய அட்டை இன்னும் தொங்கியது.

"என் வண்டி போன மறுநாள் வாங்கினது. வாங்கிட்டு வந்தப்புறம்தான் தோணுச்சு, இனி எதைப் பூட்டறதுன்னு."

குனிந்து, பின்சக்கரத்தையும் ஜன்னல் கம்பியையும் சேர்த்து அவரே பூட்டினார். இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். அப்புறம் சாவியை என் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.