மறுபடியும் கழுவிய குழாய்

வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி குழாயை மருந்தில் ஊறவைத்து எடுத்த பிறகு, அது சுத்தமாக இருக்கிறதா, எங்கேயாவது கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பது ரைஹானத்தின் வேலை. காலையிலிருந்து நின்றதில் அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. கடைசிக் குழாயை லென்ஸ் வைத்துப் பார்த்தபோது நுனித் துளையோரத்தில் பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. அப்படியே அனுப்பினால் யாருக்கும் தெரியாது. ஆனாலும் முதலிலிருந்து கழுவத்தான் வேண்டும்.

வெளியே சேரன்மகாதேவியிலிருந்து வந்த சங்கிலிபூதத்தான் வெறும் வயிற்றோடு காத்திருந்தார். குழாயை மறுபடி கழுவ வேண்டும், இன்னும் நேரமாகும் என்று அவள் போய்ச் சொன்னதும் அவர் மனைவி சுடலைவடிவு சட்டென்று எழுந்தாள்.

"நேத்து ராத்திரியிலருந்து அவிய பட்டினி கெடக்காவ. இன்னும் என்னத்தக் கழுவுதிய?"

சாக்குச் சொல்லக்கூட ரைஹானத்துக்குத் தெம்பில்லை.

"முன்னால வந்த நோயாளியோட அழுக்கு குழாயில ஒட்டியிருக்குக்கா. அதோட இவியளுக்கு விட எனக்கு மனசு வரல."

சுடலைவடிவு கணவரைப் பார்த்தாள். கோபம் இறங்கிவிட்டது.

"அப்பம் பைய கழுவுங்க. நாங்க இருக்கோம்" என்று உட்கார்ந்தாள்.

ரைஹானத் உள்ளே வந்து கையுறையை மாட்டினாள். பிரஷ் விட்டுத் தேய்த்து, ஊறவைத்து, அலசி, காற்றடித்து உலர்த்தி மறுபடி லென்ஸை வைத்தபோது துளை பளிச்சென்றிருந்தது. சங்கிலிபூதத்தானை உள்ளே அழைத்துப் போனார்கள். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.