மூன்று சரணம் கீபோர்டு இல்லாமல்

எங்கள் கோயில் பாடகர் குழுவில் எட்டுப் பேர். டிரைவர் அண்ணனுக்கு அடிக்குரல், நர்ஸுக்கு உச்சக்குரல், பேக்கரிக்காரர் நடுவில் எங்கே வேண்டுமானாலும் நிற்பார். நான் தையல் கடைக்காரி, குழுவுக்குத் தலைவி. எனக்கு வாய் நீளம் என்று சொல்வார்கள். ஏழு பேரைக் கட்டி மேய்க்க நீளமாகத்தான் இருக்க வேண்டும்.

அதிதூதர் திருவிழாவன்று எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பூசை முடிவில் மிக்கேல், கபிரியேல், இரபேல் என்ற தலைமை வானதூதர் மூவருக்கும் ஆளுக்கொரு சரணம் பாடுவோம். ஒவ்வொரு சரணத்துக்கும் பீடத்தில் ஒரு மெழுகுவர்த்தி எரியும். இந்த மூன்றுக்கும் கீபோர்டு கிடையாது, வெறும் குரல்தான். நாலாவது சரணத்தில்தான் கீபோர்டு வந்து சேரும். வாசிப்பவள் என் தங்கை, கணக்கு டீச்சர்.

வில்லங்கமே அந்த இடத்தில்தான். துணையில்லாமல் பாடப் பாடக் குரல் களைத்து, சுருதி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். எல்லோரும் சேர்ந்தே இறங்குவதால் பாடுகிறவர்களுக்குத் தெரியாது. கீபோர்டு தன் சுருதியில் வந்து விழும்போதுதான் குட்டு வெளிப்படும். போன வருஷம் நாங்கள் அரைச்சுருதி கீழே இருந்தோம். முன்வரிசையில் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு ஒரு வருஷமாகச் செரிக்கவில்லை.

ஃபாதர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "இந்த ஒரு தடவை பாருங்கம்மா. மறுபடியும் இறங்குச்சுன்னா, அடுத்த வருஷத்துலேருந்து முதல் சரணத்துலேயே கீபோர்டு வாசிக்கட்டும்."

"வானதூதர்கள் என்ன கீபோர்டைத் தோள்ல மாட்டிக்கிட்டா பாடுறாங்க, ஃபாதர்?"

"அவங்களுக்குச் சுருதி இறங்கறதில்லையே" என்றார்.

இரண்டு மாதம், கடையை அடைத்த கையோடு தையல் மெஷின்களுக்கு நடுவே நின்று பாடினோம். நர்ஸ் டூட்டி முடிந்து சீருடையிலேயே வருவாள். டிரைவர் அண்ணன் வரி முடியுமுன்பே குரலைத் தளர்த்திவிடுவார்.

"அண்ணே, ஸ்டாப் வர்றதுக்கு முன்னாடியே ஏன் பிரேக்கை மிதிக்கிறீங்க?"

"மூச்சு முட்டுதும்மா."

"முட்டட்டும். கடைசி எழுத்து வரைக்கும் விடக்கூடாது."

தங்கை மட்டும் பரீட்சைத் தாள் திருத்த வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வரவே இல்லை. "நாலாவது சரணம்தானேக்கா, தூக்கத்துல கூட வாசிப்பேன்" என்றாள்.

திருவிழாவன்று கோயில் நிரம்பி, வாசல்வரை ஆட்கள் நின்றார்கள். தங்கை ஒரே ஒரு சுரத்தைத் தொட்டுக் காட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். மிக்கேலுக்கு டிரைவர் அண்ணன் எடுத்துக் கொடுத்தார். பிரேக்கே போடவில்லை. கபிரியேலுக்கு நர்ஸ் ஏறிய உயரத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. இரபேலின் மெழுகுவர்த்தியை ஏற்றும்போது பேக்கரிக்காரர் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தார்.

நாலாவது சரணத்துக்குக் கையை உயர்த்தினேன். கீபோர்டு வந்தது.

நாராசம். நாங்கள் ஒரு பக்கம், கீபோர்டு ஒரு பக்கம். முன்வரிசையில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். போச்சு, இறங்கிவிட்டோம், இரண்டு மாத உழைப்பும் மண் என்று நினைத்தேன். ஏழு ஜோடிக் கண்களும் என்னையே பார்த்தன. ஆனால் ஒருவர் குரலும் அசையவில்லை.

அப்போதுதான் கீபோர்டின் சின்னத் திரை கண்ணில் பட்டது. மைனஸ் ஒன்று. நாங்கள் எப்படியும் இறங்கிவிடுவோம் என்று, சுரம் கொடுத்த கையோடு இவள் பொத்தானைத் தட்டி கீபோர்டை அரைச்சுருதி இறக்கி வைத்திருக்கிறாள்! எங்கள் மானத்தைக் காப்பாற்றுகிறாளாம்.

தங்கையைப் பார்த்து உள்ளங்கையைக் காட்டினேன். நிறுத்து. சட்டென்று கையை எடுத்தாள். மற்றவர்களைப் பார்த்து இன்னொரு கையை வீசினேன். போங்கள், நாமே போகலாம். தனியாகப் பாடிப் பழகாத அந்தச் சரணத்தையும் எட்டுக் குரலும் துணையில்லாமலே தூக்கிக்கொண்டு போயின.

கடைசி ஆமென் நீண்டு நிற்கும்போது, தங்கை பொத்தானைத் திருப்பிவிட்டு, ஒரே ஒரு சுரத்தைத் தொட்டாள். எங்கள் குரலுக்குள் அது இருக்கிற இடம் தெரியவில்லை. அப்படிச் சேர்ந்துகொண்டது. சத்தியமாகச் சொல்கிறேன், என் கல்யாணத்தன்று கூட எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.

ஆமென் ஓய்ந்ததும் தங்கை எழுந்து போய் மைக்கைப் பிடித்தாள். வகுப்பில் பிள்ளைகளை நடுங்க வைக்கிறவளுக்குக் குரல் உடைந்தது.

"நடுவுல கேட்ட அபஸ்வரம் என்னோடது. இவங்க இறங்குவாங்கன்னு நெனச்சு நான்தான் கீபோர்டை இறக்கி வெச்சேன். இவங்க ஒரு இம்மி கூட இறங்கல. நான்தான் நம்பல."

அவளைத் திட்டுவதற்கு நல்ல நல்ல வார்த்தைகளாகச் சேர்த்து வைத்திருந்தேன். எல்லாம் கரைந்துவிட்டது. ஊர் முன்னால் தன் தப்பைச் சொல்ல எத்தனை பேருக்கு நெஞ்சுரம் இருக்கிறது? டிரைவர் அண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கை தட்டினார். அது கடைசி வரிசைவரை பரவியது.

ஃபாதர் பீடத்திலிருந்து சிரித்தார். "அப்போ அடுத்த வருஷம் நாலாவது சரணத்துக்கும் கீபோர்டு வேணாம்னு வெச்சுக்கலாமா?"

தங்கை தலையைக் குனிந்தாள். நான் மைக்குக்குக் காத்திருக்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே கத்தினேன்.

"வேணும் ஃபாதர். அவ வாசிக்கணும். அவ வந்து சேர்ந்தாத்தானே நாங்க இறங்கலைன்னு எல்லாருக்கும் தெரியும்!"