வாட்ச் வெச்சு ஆடறாங்க

ராபர்ட்சன்பேட்டையில் அம்சவேணியின் ஃபேன்ஸி ஸ்டோருக்கு வளையல் வாங்க வருகிறவர்கள், உள்ளே கிடக்கும் மேஜையைப் பார்த்துவிட்டு ஒரு தடவையாவது கேட்காமல் போக மாட்டார்கள். "இன்னாக்கா அது, சீட்டா?"

சீட்டுதான். ஆனால் ராஜா, ராணி கிடையாது. வீரர்கள், மிருகங்களின் படமும் அவற்றின் பலமும் அச்சடித்த அட்டைகள். அவரவர் நாற்பது அட்டைகளைப் பொறுக்கி ஒரு கட்டு சேர்த்துக்கொண்டு மோத வேண்டும். பிள்ளைகளுக்கு விற்க வாங்கிவந்த சரக்கில் அம்சவேணியே விழுந்துவிட்டாள். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதும், எந்த அட்டையைக் கழித்து எதைச் சேர்ப்பது என்றுதான் யோசனை.

ஞாயிறு மதியம் மூன்று பேர் ஆடுவார்கள்: அவள், நர்ஸ் ஐடா, பெங்களூருக்கு தினமும் ரயிலில் வேலைக்குப் போய்வரும் நோயல். நோயலுக்கு இன்னொரு பைத்தியமும் உண்டு, பழைய குரோனோகிராஃப் கைக்கடிகாரங்கள். பெரிய முகத்துக்குள் குட்டி முகங்கள், பக்கத்தில் இரண்டு பொத்தான். அமுக்கினால் முள் ஓடும், மறுபடி அமுக்கினால் நிற்கும். ஓர் அட்டை போட ஐடா ஒரு யுகம் யோசிப்பதால், அவன் கடிகாரத்தைக் கழற்றி மேஜை நடுவில் வைப்பான். ஒரு முறைக்கு இரண்டு நிமிஷம், அவ்வளவுதான்.

வினை அங்கேதான் வந்தது. எதிர்க்கடை மாணிக்கராஜ் பஜார் முழுக்கச் சொல்லிவிட்டார்: "அம்சவேணி கடையில வாட்ச் வெச்சு சீட்டாடறாங்க!"

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பதுதான் கொடுமை.

அடுத்த ஞாயிறு மூவரும் ஆட உட்கார்ந்த நேரத்தில், அவள் கணவனின் அண்ணன் நந்தகுமார் வந்து நின்றார். கட்டடம் அவர் பேரில் இருக்கிறது.

"இன்னா அம்சா இது? உங்க வூட்டுப் பொம்பள சூதாடுதாமேன்னு சம்பந்தி கேக்கறாரு."

"மேஜை மேல வெச்சோம் மாமா. பந்தயம் வெக்கல."

"அத்த ஒவ்வொருத்தனுக்கா இலக்கணம் சொல்லிகினு இருப்பியா? மேஜைய எடுத்துடு. இல்ல, ஷட்டர பாதி இறக்கிகினு ஆடு." சொன்னதோடு நிற்காமல் அவரே இழுத்து இறக்கினார்.

கல்லாவிலிருந்து கணவன் கணேஷ்குமார் முணுமுணுத்தான். "பாதிதானே அம்சா..."

அந்தப் பாதிதான் அவளைச் சுட்டது.

"பாதி ஷட்டருக்குள்ள குனிஞ்சிகினு ஆடினா அதுதான் மாமா சூது. நாங்க இன்னா திருடிட்டோம்?"

"அப்போ அடுத்த மாசம் கடையக் காலி பண்ணு."

"பண்றேன். அது அடுத்த மாசம். இன்னிக்கு ஞாயித்துக்கிழம."

இரண்டு கையாலும் ஷட்டரை மேலே தள்ளினாள். அது தடதடவென்று ஏறி முட்டி நின்றது. "ஐடா, அந்தப் பக்கம் புடிடீ." மேஜை வாசல்படிக்கு வந்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பினார்கள்.

நோயல் கடிகாரத்தை மெல்லப் பைக்குள் விட்டான். "அக்கா, நான் போன்ல டைம் பாத்துக்கறேனே."

"இன்னாத்துக்கு? எடுத்து நடுவுல வை."

வைத்தான்.

"மாணிக்கராஜண்ணே, கிட்ட வந்து பாருங்க! அங்கேருந்து பாத்தா தப்பாத்தான் தெரியும்."

மாணிக்கராஜ் வரவில்லை. ஆனால் பத்துப் பதினைந்து பேர் வந்து சூழ்ந்துகொண்டார்கள். நந்தகுமாரின் முகம் சிவந்துவிட்டது. "நான் சொன்னது சொன்னதுதான். அடுத்த மாசம்."

"சரிங்க மாமா," என்று அட்டைகளைக் கலைத்துக்கொண்டே சொன்னாள் அம்சவேணி. "இப்போ கொஞ்சம் தள்ளி நில்லுங்க. ஐடாவுக்கு வெளிச்சம் மறைக்குது."

பொத்தானை அமுக்கினாள்.