ஒரு பாக்ஸ் போதும்

திங்கட்கிழமை காலையில் அத்திப்பள்ளியிலிருந்து ஒரு ஆள் வந்து பேஸ் கிட்டாரை விலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவான் என்று ஸ்டீவ் அண்ணன் வியாழக்கிழமை சாயங்காலம் சொன்னான். என்னிடம் சொல்லவில்லை, அம்மாவிடம் சொன்னான். நான் பக்கத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"அஜித் இனிமே வர மாட்டான்மா. ஒரகடம் பிளான்ட்டுக்கு மாத்திட்டாங்க. மணிவேலு கீபோர்டுல இடது கையிலயே பேஸ் போட்டுக்கறன்ங்கறான். அப்புறம் அது என்னாத்துக்குக் கட்டிலுக்கடியில கெடக்கணும்?"

எங்கள் குழு பெரியதல்ல. அண்ணன் பாடுவான், மணிவேல் கீபோர்டு, ஹரீஷ்குமார் ரிதம் பேட். பேஸ் கிட்டார் அண்ணனுடையது. அதை வாசித்துக்கொண்டிருந்தவன் அஜித்குமார். காதுகுத்து, நிச்சயதார்த்தம், அபார்ட்மென்ட் கிறிஸ்துமஸ் என்று இருநூறு பேருக்கு மேல் கூடாத இடங்களுக்குத்தான் கூப்பிடுவார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் கேட்ட பாட்டைப் பாடவேண்டும்.

நான் பிளஸ் ஒன்னோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். சிப்காட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் புஷ் என்கிற இரும்பு வளையங்களை அளக்கிறேன். அளவு சரியாக இருந்தால் நீல டிரே, இல்லாவிட்டால் சிவப்பு டிரே. யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்குப் பிடித்த வேலை. வீட்டில் பயிற்சி முடிந்து எல்லோரும் போனபிறகு ஒன்றரை வருஷமாக அந்தக் கிட்டாரை வாசித்துப் பழகியிருந்தேன். சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப்பைப் போடமாட்டேன். கிட்டாரின் மேல்கொம்பில் தாடையை அழுத்திக்கொண்டால் மரத்தின் வழியாகச் சத்தம் எலும்புக்குள் வரும். பக்கத்து அறையில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது.

"ஞாயித்துக்கிழம பேரிகை ஊரு காதுகுத்துல நான் வாசிக்கறன்," என்றேன்.

அண்ணன் திரும்பிப் பார்த்தான். "நீயா? சர்ச்சுல பைபிள் வாசிக்கச் சொன்னதுக்கே பாத்ரூம்ல போயி உக்காந்துக்கின."

"கிட்டாருக்கு வாய் வேணாம்."

அவன் சிரித்துவிட்டுக் கட்டிலுக்கடியிலிருந்து அதை எடுத்தான். ஆம்ப்பில் சொருகி ஒரு கம்பியை இழுத்தான். தொப் என்றது. இன்னொன்றை இழுத்தான். அதுவும் தொப்.

"கேட்டியா? போர்வைக்குள்ள தட்டற மாதிரி. பன்னெண்டு வருசமா வாசிக்கறவனுக்கே இதுல சத்தம் வரல. செத்துப்போச்சு இது."

நான் கம்பியைத் தொட்டு விரலை முகர்ந்து பார்த்தேன். எங்கள் கம்பெனி வாசனை வந்தது.

அஜித்குமார் டூல் ரூம் ஃபிட்டர். ஷிஃப்ட் முடிந்ததும் அச்சுக்குத் துருப்பிடிக்காமலிருக்க ரஸ்ட் ஆயில் தடவாமல் வீட்டுக்குப் போனால் மறுநாள் காலையில் எல்லோர் முன்னாலும் திட்டு விழும். அந்தப் பழக்கத்தில் ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் கிட்டார்க் கம்பிகளுக்கும் அதையே தடவியிருக்கிறான். அக்கறையோடு செய்ததுதான். பேஸ் கம்பி என்பது ஒரு கம்பியின் மேல் இன்னொரு மெல்லிய கம்பியை நெருக்கமாகச் சுற்றியது. அந்தச் சுற்றுகளுக்கு நடுவில் எண்ணெயும் தூசியும் ஏறி உட்கார்ந்தால் கம்பி அதிராது.

"கம்பிதான் செத்துது. கிட்டார் சாவல," என்றேன்.

அண்ணன் இன்னொரு முறை கம்பியை இழுத்துப் பார்த்தான். "சரி. ஞாயித்துக்கிழம வாசி. உருப்படியா கேட்டா பாக்கலாம். இல்லன்னா திங்கக்கிழம அவன் வந்து எடுத்துக்கினு போவான். அப்புறம் மூஞ்சத் தூக்கி வெச்சிக்கக்கூடாது."

வெள்ளிக்கிழமை எனக்கு முதல் ஷிஃப்ட். இரண்டு மணிக்கு வெளியே வரும்போது சுஜாதா அக்காவிடம் ஃபீலர் கேஜ் கேட்டேன். அவர்தான் எங்கள் செக்‌ஷனுக்குப் பொறுப்பு. விசிறிபோல விரிகிற மெல்லிய இரும்புத் தகடுகள் அவை. ஒவ்வொன்றிலும் தடிமன் பொறித்திருக்கும். இரண்டு இரும்புக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பார்க்க அதைத்தான் செருகுவோம்.

"எதுக்குடி?"

"கிட்டாருக்குக்கா."

"கிட்டாருக்கா? இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டும் சேத்துப் போட்டுத் தரட்டுமா?" என்று சொல்லிக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். "திங்கக்கிழம காலைல டப்பால இருக்கணும்."

வீட்டில் நான்கு கம்பிகளையும் கழற்றி, பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெந்நீரில் ஊறப்போட்டேன். தண்ணீர் டீ நிறத்துக்கு வந்தது. கொட்டிவிட்டு நல்ல தண்ணீரில் பழைய குக்கரில் போட்டுக் கொதிக்கவைத்தேன்.

அம்மா எட்டிப் பார்த்தார். "இரும்ப வேக வெக்கறவள இப்பத்தான் பாக்கறன். எத்தன விசிலு?"

"மூடியே போடலமா."

"அந்தக் குக்கர்ல இனிமே எதுனா ஆக்குனா நீயேதான் திங்கணும்."

துடைத்து, மாடியில் வெயிலில் ஒரு மணி நேரம் போட்டேன். மாட்டி, சுருதி சேர்த்தபோது கீழ்க்கம்பி நீளமாக இழுத்துக்கொண்டு ஒலித்தது. பியானோவின் இடது ஓரம் போல. ஆனால் கழுத்தில் பதித்த கடைசிக் கட்டைகளில் கிர்ரென்று உராய்ந்தது, நடுவில் கம்பி மிகவும் உயரத்தில் நின்றது. கிட்டாரின் கழுத்து வளைந்திருந்தது. கம்பியை முதல் கட்டையிலும் கடைசிக் கட்டையிலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நடுவிலே ஏழாம் கட்டைக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியில் தகடுகளைச் செருகிப் பார்த்தேன். பூஜ்யம் புள்ளி ஏழு மில்லிமீட்டர். புள்ளி மூன்று இருந்தால் போதும். கழுத்துக்குள்ளே ஓடுகிற இரும்புக் கம்பியைத் தலைப்பக்கத்து ஓட்டை வழியாக ஆலன் கீ போட்டு முறுக்கவேண்டும். எங்கள் ஊரில் ஆலன் கீ கையில் எடுத்தவன் எவனும் முறுக்குவது நிற்கும்வரை முறுக்குவான். நான் கால் சுற்று முறுக்கினேன். கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு கால் சுற்று. பிறகு அப்படியே வைத்துவிட்டேன். மரம் ஒரு ராத்திரி யோசிக்கட்டும் என்று.

சனிக்கிழமை வேலைக்குப் போகுமுன் அளந்தேன். புள்ளி மூன்று தகடு உரசிக்கொண்டு நுழைந்தது, புள்ளி மூன்று ஐந்து நுழையவில்லை. நீல டிரே.

மத்தியானம் திம்மப்பன் சவுண்ட் சர்வீஸுக்குப் போனேன். பாகலூர் ரோட்டில் ஒரு ஷெட். மேலே கீழே எல்லாம் பாக்ஸ்கள். திம்மப்பன் ஒரு சீரியல் விளக்குச் சரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"ஸ்டீவ் தங்கச்சியா? ஒங்கண்ணன் வரலியா?"

"ஷிஃப்ட்டுண்ணா. பேஸுக்குப் பாக்ஸ் பாக்க வந்தன்."

"பாக்கறதுக்கு என்னா இருக்குது? டபுள் எய்ட்டீன் ரெண்டு ஏத்தி அனுப்பறன். பேரிகைல போட்டா மாலூர் வரைக்கும் கேக்கும்."

"மாலூர்காரங்க காது குத்திக்கலியேண்ணா."

அவர் சரத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்குக் காது சுட்டது. ஆனாலும் நகரவில்லை.

பதினெட்டு இஞ்சு ஸ்பீக்கர் இரண்டு வைத்த பெரிய பாக்ஸ் திறந்த மைதானத்துக்கு நல்லது. சின்ன மண்டபத்தில் அந்தக் குமுறல் சுவருக்குச் சுவர் உருண்டு பாடுகிறவன் குரலைத் தின்றுவிடும். விரல் எப்போது கம்பியைத் தொட்டது என்று வாசிக்கிறவளுக்கே தெரியாது. ஒற்றைப் பதினைந்து இஞ்சு பாக்ஸ் மூலையில் மூன்று இருந்தன. ஒன்றொன்றாக முன்னால் இழுத்தேன். வலையைக் கழற்றி இரண்டு உள்ளங்கையாலும் காகிதக் கூம்பை மெதுவாக உள்ளே அழுத்தினேன். முதலாவதில் சுருள் உரசுகிற சத்தம் வந்தது. ஒதுக்கிவிட்டேன். மற்ற இரண்டும் சுத்தம். ஒன்றின் வயரில் சுவர்க்கடிகார பேட்டரியைத் தொட்டேன். கூம்பு டப்பென்று வெளியே வந்து நின்றது. மீட்டர் வைத்தால் இரண்டுக்கும் மூன்றரை காட்டியது. மீட்டர் எப்போதும் கொஞ்சம் குறைத்தே காட்டும்; மின்தடை நான்கு ஓம் உள்ள பாக்ஸ்கள். அண்ணனுடைய ஆம்ப்பின் பின்னால் குறைந்தது நான்கு ஓம் என்று போட்டிருக்கிறது.

"இது ஒண்ணு போதும்ணா."

"ஒண்ணா?" என்றார் திம்மப்பன். "ஒண்ண எடுத்துக்கினு போயி எறக்குனா என்னைய என்னான்னு நெனப்பாங்க? டெம்போ வாடகைக்காச்சும் ரெண்டு ஏத்தணும்மா."

ஞாயிற்றுக்கிழமை காலையில் டெம்போவில் திம்மப்பனோடு அந்தச் சுத்தமான பாக்ஸ் இரண்டும் வந்து இறங்கின. நான் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

பேரிகை மண்டபம் தகரக் கூரை போட்டது. மேடை பலகையால் ஆனது, உள்ளே காலி. பாக்ஸை மேடை மேல் வைத்தால் மேடையே முரசாகிவிடும். கீழே சிமென்ட் தரையில், மூலையை விட்டுத் தள்ளி, சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னால் வைத்தேன். ஒவ்வொரு சுரமாக மெதுவாக வாசித்தேன். ஒரு சுரத்துக்கு மட்டும் கூரை கடகடவென்று ஆடியது. ஆம்ப்பில் அடித்தொனியைக் கொஞ்சம் குறைத்தேன். கூரை அடங்கியது. ஹரீஷ்குமார் கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

பதினோரு மணிக்குக் காது குத்தி முடிந்தது. குழந்தைகள் இரண்டும் அழுது ஓய்ந்து தாய்மாமன் மடியில் லட்டு தின்றன. நாங்கள் ஆரம்பித்தோம். முதல் பாட்டு முழுவதும் நான் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு வாசித்தேன். தப்பு வரவில்லை.

இரண்டாவது பாட்டின் நடுவில் வீட்டுப் பெரியவர் திம்மராயன், திம்மப்பனைக் கூப்பிட்டுக் கையை நீட்டி நீட்டிப் பேசுவது தெரிந்தது. என்ன பேசினார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. இந்தப் பக்கத்து விசேஷங்களில் வாசலுக்கு இரண்டு பக்கமும் வாழைமரம் கட்டுவதுபோல மேடைக்கு இரண்டு பக்கமும் பாக்ஸ் நிற்கவேண்டும். ஒரு பக்கம் மட்டும் நின்றால் வீட்டுக்காரருக்குக் கௌரவக் குறைச்சல். திம்மப்பன் இரண்டாவது பாக்ஸைத் தள்ளிக்கொண்டு வந்து மேடைக்கு வலதுபக்கம் நிறுத்தினார். அதன் வயரையும் சொருக ஆம்ப்பின் பின்னால் குனிந்தார்.

நான் வேண்டாமென்று தலையை ஆட்டினேன். அவர் பார்க்கவில்லை. பத்து வினாடிக்குச் சத்தம் பெரிதாயிற்று. பிறகு ஒன்றுமே இல்லை. என் விரல்கள் கம்பியில் ஓடின, பாக்ஸிலிருந்து ஒரு முணுமுணுப்பும் வரவில்லை. ஆம்ப்பில் சிவப்பு விளக்கு.

மணிவேல் என்னைப் பார்த்தான். அவனுடைய இடது கை கீபோர்டின் கீழ்க்கோடிக்குப் போய் பேஸ் போட ஆரம்பித்தது. மைக்கும் கீபோர்டும் மண்டபத்து ஸ்பீக்கரில் போனதால் அண்ணன் பாடிக்கொண்டே இருந்தான். முன்வரிசையில் ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. பாட்டு நிற்கவில்லை, எதுவும் குறையவில்லை. நான் இப்படியே கிட்டாரைப் பிடித்துக்கொண்டு நின்றால் பாட்டு முடிந்துவிடும். மத்தியானமும் முடிந்துவிடும். நாளைக்கு அத்திப்பள்ளி ஆள் வந்துவிடுவான்.

கிட்டாரைக் கழுத்தில் மாட்டியபடியே மேடைப் படியில் இறங்கினேன். இருநூறு பேர் முன்னால் மண்டியிட்டு இரண்டாவது பாக்ஸின் வயரைப் பிடுங்கினேன்.

"ஏய், ஏய், அத எதுக்குப் புடுங்கற? பெரியவரு திட்டுவாரும்மா," என்றார் திம்மப்பன்.

"ரெண்டு பாக்ஸும் நாலு ஓம். சேந்தா ஆம்ப் தாங்காதுண்ணா."

"நாலும் நாலும் எட்டுதான? இன்னும் நல்லதுதான?"

"எட்டாவாதுண்ணா, ரெண்டாக் கொறையும். ரெண்டு கதவ ஒண்ணாத் தொறந்து விட்டா கூட்டம் அதிகமா வெளிய ஓடும் இல்ல? கரண்டும் அப்பிடித்தான். ஓடி ஓடி ஆம்ப் படுத்துக்கிச்சு."

அவர் ஆம்ப்பையும் பெரியவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இத எடுத்துடணுமா? அவரு உடமாட்டாரு."

"எடுக்க வேணாம். அங்கயே நிக்கட்டும். வயரச் சுருட்டிப் பின்னால போட்டுடுங்க. யாரு வந்து பாக்கப் போறாங்க?"

திம்மப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயரை எடுத்துச் சுருட்டினார். நான் ஆம்ப்பை அணைத்து முப்பது வரை எண்ணினேன். போட்டேன். பச்சை விளக்கு வந்தது.

மேடைக்கு ஏற நேரமில்லை. கீழே, பாக்ஸின் பக்கத்திலேயே நின்றேன். அண்ணன் சரணத்துக்கு மூச்சு இழுத்தான். அந்த மூச்சு முடிகிற இடத்தில் கீழ்க்கம்பியைத் தொட்டேன். என் கால்சட்டைத் துணி பாக்ஸின் காற்றில் அசைந்தது. மணிவேல் இடது கையைத் தூக்கி மடிமேல் வைத்துக்கொண்டான். அதன்பிறகு அந்தக் கை கீழே போகவே இல்லை. அண்ணன் வழக்கமாகச் சரணத்தில் அவசரப்படுவான். அன்றைக்கு அவசரப்படவில்லை. ஒருமுறை மட்டும் திரும்பிக் கீழே நிற்கிற என்னைப் பார்த்தான். நான் மிச்சப் பாட்டுகளையும் அங்கேயே நின்று வாசித்தேன்.

கடைசிப் பாட்டு முடிந்ததும் திம்மராயன் மேடைக்கு வந்தார். "ரெண்டு பக்கமும் பொட்டி வெச்சப்புறந்தான் கேக்கற மாதிரி இருந்துது. மொதல்லயே வெச்சிருந்தா என்னா?" என்றார். "தப்புதாங்க," என்றார் திம்மப்பன், முகத்தைத் துளிகூட மாற்றாமல்.

சாப்பாட்டுப் பந்தியில் நான் அண்ணனுக்குப் பக்கத்து இலை. பாதியில் அவனுடைய போன் அடித்தது. பார்த்துவிட்டு என் பக்கம் நீட்டினான்.

"அத்திப்பள்ளி ஆளு. நாளைக்கு எத்தன மணிக்கு வர்றதுன்னு கேப்பான். நீயே பேசு."

"நீதான வரச் சொன்ன."

"வாசிச்சது நீதான?"

இடது கையில் வாங்கினேன். அந்தப் பக்கம் கன்னடத்தில் வேகமாக ஒரு குரல். நான் கம்பெனியில் கேட்டுக் கேட்டுப் பழகிய கன்னடத்தை முதல்முறையாக வாயால் பேசினேன். நாளைக்கு வரவேண்டாம் சார், அது விற்பதற்கில்லை. வேறு யாராவது வந்து கேட்டார்களா என்றான். யாரும் கேட்கவில்லை என்றேன். வாசிக்கிறவர்தான் ஊரைவிட்டுப் போய்விட்டாராமே, பிறகு யார் வாசிக்கிறது என்றான்.

"நானு," என்றேன்.

அவன் வைத்தபிறகு போனை அண்ணன் இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். ரசம் ஊற்றுகிறவர் எங்களைத் தாண்டிப் போய்விட்டிருந்தார். குரல் கொடுத்துக் கூப்பிட்டேன்.