கோந்து போட்டு ஒட்டிய ஓட்டு

சடையப்பன் அண்ணன் நோட்டைப் பிரித்துப் பேனா மூடியைப் பல்லால் கழற்றியபோது நான் காபி டம்ளரோடு கூடத்துக்குள் வந்துகொண்டிருந்தேன். அவரும் என் வீட்டுக்காரர் ஜெயப்பிரகாஷும் மின்சார வாரியத்தில் முப்பது வருஷம் ஒன்றாகக் கம்பம் ஏறியவர்கள். ரிட்டையரான பிறகு அண்ணன் கட்சிக்காக வீட்டுக்கு வீடு படி ஏறுகிறார். சித்திரை வெயிலில் குடிகாட்டிலிருந்து கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீடு வரை வண்டியில் வந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"எங்க வூட்ல ரெண்டு ஓட்டு. எழுதிக்கப்பா" என்றார் இவர், கால் மேல் கால் போட்டுக்கொண்டு.

நான் டம்ளரை அண்ணன் முன்னால் வைத்தேன். "ஒண்ணு எழுதிக்குங்கண்ணே. இன்னொண்ண நான் யோசிச்சி போடுறன்."

சொன்னது நான்தான் என்று சமையலறைக்கு வந்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அடுப்பில் எதுவும் இல்லை, இருந்தாலும் கரண்டியை எடுத்து வைத்துக்கொண்டு நின்றேன். கூடத்தில் அண்ணன் சிரித்து, வெயிலைப் பற்றி ஏதோ சொல்லி, காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். நோட்டில் எத்தனை எழுதினார் என்று எனக்குத் தெரியாது.

எனக்கு அறுபது முடிந்துவிட்டது. இதுவரை ஒரு தடவைகூட வரிசையில் நின்று ஓட்டுப் போட்டதில்லை. கேட்டால் சிரிப்பீர்கள், நான் சமூக அறிவியல் டீச்சர். இரகசிய வாக்கெடுப்பு என்றால் என்ன, ஐந்து மதிப்பெண், விளக்குக என்று முப்பத்தைந்து வருஷம் கேள்வி கேட்டு, பதிலுக்குச் சிவப்பு மையில் மார்க் போட்டவள். எண்பத்தெட்டில் வேலைக்குச் சேர்ந்தேன், அடுத்த வருஷமே எலக்‌ஷன் டியூட்டி. அதிலிருந்து டெல்லிக்கு மட்டும் ஒன்பது எலக்‌ஷன் பார்த்திருக்கிறேன். சட்டசபை, நகராட்சியெல்லாம் தனி. டியூட்டிக்குப் போகிற டீச்சருக்குத் தபால் ஓட்டு. போன மே மாதம் ரிட்டையரானேன். ஆகவே இந்த ஏப்ரலில்தான் முதல் தடவையாக, பிரிசில்லா என்கிற என் பெயர் வெறும் வாக்காளராகப் பட்டியலில் வந்திருந்தது.

அந்தத் தபால் ஓட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில் நாங்கள் சிதம்பரத்தில் கீழ வீதிக்குப் பின்னால் வாடகைக்கு இருந்தோம். இவருக்கு அங்கே வாரியத்தில் வேலை, எனக்குக் கிள்ளையில் பள்ளிக்கூடம். முதல் தீபாவளி போனஸில் இவர் ஒரு பழைய தேக்கு மேசை வாங்கிப்போட்டார். சாப்பாடு, பேப்பர் திருத்தல், துணி தேய்த்தல் எல்லாம் அதன் மேல்தான். எலக்‌ஷன் வந்தால் தபாலில் ஒரு தடித்த கவர் வரும். அதற்குள் ஒரு கவர், அதற்குள் இன்னொரு கவர், ஒரு உறுதிமொழித் தாள், சீட்டு. எதை எதற்குள் போடுவது என்று படித்தாலே தலை சுற்றும். எனக்கோ எப்போதும் கட்டுக்கட்டாகப் பரீட்சைப் பேப்பர் காத்திருக்கும். இவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சிவப்பு ரப்பர் மூக்கு வைத்த கோந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு மேசையில் உட்காருவார். நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு ஒவ்வொரு கவராக ஓரம் பிசகாமல் ஒட்டுவார். எங்கே கையெழுத்து என்று விரலால் காட்டுவார், நான் போடுவேன். கடைசியில் முஷ்டியால் கவரை ஒரு குத்துக் குத்திவிட்டு, "ஓட்ட ஒட்டியாச்சு டீச்சரு" என்பார். ஒவ்வொரு எலக்‌ஷனுக்கும் அதே ஜோக்தான். ஒவ்வொரு தடவையும் நான் சிரித்தேன்.

பொய் சொல்லக் கூடாது, அந்த நாட்கள் எனக்குப் பிடித்தவை. கோந்து வாசனை, ஜன்னல் வழியாக வரும் கோயில் மணிச் சத்தம், என் ஓட்டுக்காக இவ்வளவு பொறுமையாக உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர். நினைத்தால் இன்றும் மனசு இளகிப்போகிறது. யாருக்குப் போட்டார் என்று நான் கேட்டதில்லை. யாருக்குப் போட வேண்டும் என்று அவரும் கேட்டதில்லை. கொடுங்கள், நானே போடுகிறேன் என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் கொடுத்திருப்பார். சொல்லத் தோன்றவில்லை.

தோன்றியிருக்க வேண்டிய ஒரு நாள் இருந்தது. தொண்ணூற்றெட்டு எலக்‌ஷனில் எனக்குத் திட்டக்குடி பக்கம் ஒரு கிராமத்தில் டியூட்டி. மெஷின் வராத காலம், சீட்டும் ரப்பர் முத்திரையும்தான். விரலில் மை வைத்துச் சீட்டு கொடுப்பது என் வேலை. பத்து மணி வாக்கில் ஒருவர் தன் மனைவியோடு வந்தார். அவர் பெயர் கண்ணாயிரம், அந்த அம்மாள் பெயர் தைலம்மாள். பட்டியலில் அடுத்தடுத்து இருந்ததால் இன்னும் நினைவிருக்கிறது. அவளுக்கு ஒன்றும் தெரியாது, நானே கூடப் போய்க் குத்திக்கொடுத்துவிடுகிறேன் என்று அவர் அட்டை மறைப்புப் பக்கம் நடந்தார். எங்கள் பெரிய அதிகாரி, எதற்கு வம்பு என்று வேறு பக்கம் பார்த்தார். எனக்கு எங்கிருந்துதான் ரோஷம் வந்ததோ, எழுந்து குறுக்கே நின்றுவிட்டேன். அவங்களேதான் போடணும், நீங்க வெளியில நில்லுங்க என்றேன். வகுப்பில் பேசுகிற குரல் தானாக வந்தது. மனிதர் போய்விட்டார்.

தைலம்மாள் உள்ளே போனவள் வரவே இல்லை. மறைப்புக்குக் கீழே மண் ஒட்டிய இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. வரிசை முணுமுணுத்தது. ஆச்சாம்மா என்று கேட்டேன்.

"இருங்க டீச்சரு. இப்பதான பாக்குறன்" என்றது குரல்.

வெளியே வந்து சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு, போகிற போக்கில் என் மேசைப் பக்கம் குனிந்தாள். நீங்க எங்க போய் ஓட்டுப் போடுவீங்க என்று கேட்டாள். எனக்கு வீட்டுக்கே தபாலில் வந்துவிடும் என்றேன்.

"வூட்டுக்கேவா? அப்ப ஒருத்தரும் எட்டிப் பாக்க மாட்டாங்க. குடுத்து வெச்சவங்க நீங்க."

நான் மை பாட்டிலின் மூடியைத் திருகினேன். அடுத்த ஆள் என்று கூப்பிட்டேன். என்னுடைய சீட்டு அந்த வாரமே சிதம்பரத்தில் மேசை மேல் ஒட்டப்பட்டது. அந்த வருஷம் மட்டும் அந்த ஜோக்குக்கு நான் சிரித்தேனா என்று நினைவில்லை. ஆனால் அடுத்த வருஷமே மறுபடி எலக்‌ஷன் வந்தது, கவர் வந்தது, எனக்குக் காலாண்டுப் பேப்பர் இருந்தது. இவர் கோந்தை எடுத்தார்.

சடையப்பன் அண்ணன் போன பிறகு இவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். கோபம் வந்தால் சிலர் சாப்பிட மாட்டார்கள், ஜெயப்பிரகாஷ் மட்டும் ஜாஸ்தி சாப்பிடுவார். ஐந்து தோசை உள்ளே போன பிறகு, முப்பது வருஷ சிநேகிதன் முன்னால் தன் பேச்சுக்கு மரியாதை இல்லாமல் போய்விட்டது என்றார். பிறகு தன் தலைவர் ஏன் வர வேண்டும் என்று வகுப்பெடுத்தார். நான் நல்ல மாணவி மாதிரி கேட்டேன். அவர் சொன்னதில் பாதி சரியாகத்தான் இருந்தது. அதுதான் தொந்தரவு. முழுக்கத் தப்பாக இருந்தால் எதிரில் இருக்கிறவருக்குப் போட்டுவிடலாம்.

மூன்று நாள் நான் தலைவர்களைத் திருத்தினேன். எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். இவருடைய தலைவர், எதிர்த்து நிற்கிற தலைவர், தனியாகச் சத்தம் போடுகிற மூன்றாமவர். டிவியில் அவர்கள் பேச, பக்கத்தில் ஒருவர் தமிழில் மொழிபெயர்க்க, நான் வெங்காயம் உரித்துக்கொண்டே மார்க் போட்டேன். பள்ளிக்கூடத்தைப் பற்றி என்ன சொன்னார்? எங்களை மாதிரி ஜெபத்துக்குப் போகிறவர்கள் பயமில்லாமல் இருக்கலாமா? ராத்திரி காற்று திரும்பினால் குடிகாட்டுத் தொழிற்சாலைகள் பக்கமிருந்து வருகிற மருந்து நாற்றத்தைப் பற்றி யாராவது வாய் திறந்தார்களா? கேள்வியை எழுதிவிட்டுப் பதில் எழுதாமல் பக்கத்தை நிரப்புகிற பையன்களை எனக்கு நன்றாகத் தெரியும். கருணை மார்க் போட்டும் ஒருவரும் முப்பத்தைந்தைத் தொடவில்லை. ஆனால் யாரையாவது பாஸ் போட்டு அனுப்பித்தான் ஆக வேண்டும். ஓட்டுப் போடப் போகிறவர்களெல்லாம் இத்தனை வருஷம் இந்தக் கஷ்டத்தோடுதான் என் முன்னால் வந்து விரலை நீட்டினார்களா என்று நினைத்தேன். நான் மை வைத்து அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

ஓட்டுப் போடும் நாள் காலையில் ஸ்கூட்டரில் சேர்ந்துதான் போனோம். பள்ளிக்கூட வாசலில் ஆண்கள் வரிசை தனி, பெண்கள் வரிசை தனி என்றதும் இவர் ஒரு கணம் தடுமாறி நின்றார். பிறகு, "பட்டன சரியா பாத்து அமுக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போனார். என்ன சொல்ல வந்தாரோ, அது இல்லை என்று தெரிந்தது.

உள்ளே ஒரு சின்னப் பெண் மை வைத்துக்கொண்டிருந்தாள். முதல் டியூட்டி போல, என் இடது கை விரலைப் பிடித்தபோது அவள் கை வியர்த்திருந்தது. எத்தனை ஆயிரம் விரல்களை நான் இப்படிப் பிடித்திருப்பேன். மை சில்லென்று இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அட்டை மறைப்புக்குள் போனேன். மெஷினில் தலைவர்கள் யாரும் இல்லை. கடலூரில் நிற்கிறவர்களின் பெயர்களும் படங்களும் சின்னங்களும்தான் இருந்தன. இதைத்தான் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் சொல்லிக்கொடுத்தேன், நீங்கள் இங்கே ஒருவரை அனுப்புகிறீர்கள், அவர் அங்கே போய் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார் என்று. இவர் கட்சிக்காரரின் பெயர் மேலே இருந்தது. சடையப்பன் அண்ணனின் வியர்த்த முதுகு ஞாபகம் வந்தது. நாக்கைத் துருத்திக்கொண்டு கோந்து தடவுகிற முகம் ஞாபகம் வந்தது. அதற்காகவே அங்கேயே அமுக்கிவிடலாம் என்று ஒரு கணம் ஆசையாக இருந்தது, நிஜமாகவே. அந்த ஆசை எனக்குப் பிடிக்கவும் இல்லை. மறுபடி முதலிலிருந்து ஒவ்வொரு பெயராகப் படித்தேன்.

"அம்மா, ஆச்சா?" என்றாள் அந்தப் பெண்.

"இரும்மா. இப்பதான பாக்குறன்" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று தெரிந்தது. குனிந்து என் கால்களைப் பார்த்துக்கொண்டேன். பிறகு அமுக்கினேன். பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குள் விளக்கு எரிந்து ஒரு துண்டுச் சீட்டு வந்து நின்றது. ஏழு விநாடி தெரியும், பிறகு விழுந்துவிடும் என்று பயிற்சி வகுப்பில் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அந்த ஏழு விநாடியும் நான் கண் இமைக்காமல் பார்த்தேன். நான் போட்ட பெயர்தான் இருந்தது. விழுந்தது. கண் கலங்கிவிட்டது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்து இவர் சாப்பிட உட்கார்ந்தார். அதே தேக்கு மேசைதான். சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு லாரியில் வந்தபோது ஒரு கால் ஆடத் தொடங்கியது, மற்றபடி அப்படியேதான் இருக்கிறது. நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கோந்துக் கறை, எத்தனை தேய்த்தும் போகாமல் கண்ணாடி மாதிரி இறுகியிருக்கிறது. ரசம் சாதம் முடிந்து மோர் ஊற்றும்போது இவர் தொண்டையைக் கனைத்தார்.

"உனக்கு ஒண்ணு தெரியாது. தொண்ணூத்தொம்போதுல உன் ஓட்ட நான் என் ஆளுக்குப் போடல."

கரண்டியோடு நின்றேன். இருபத்தைந்து வருஷமாகப் பொத்தி வைத்திருந்ததை அவர் மெதுவாக எடுத்து வைத்தார். அந்த வருஷம் டிவியில் எதிர்க்கட்சித் தலைவர் பேசியபோது நான் அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்து, எவ்வளவு நல்லாருக்கு இல்ல என்று சொன்னேனாம். அது அவர் மனதில் தைத்துவிட்டதாம். இவளுக்கு அவரைத்தான் பிடித்திருக்கிறது என்று, என் சீட்டில் அவருக்கே போட்டு ஒட்டினாராம். தன் ஓட்டைத் தன் தலைவருக்குப் போட்டுவிட்டு, என் ஓட்டால் அதை அவரே அடித்தாராம். சடையப்பனுக்குக்கூடச் சொல்லவில்லையாம்.

"உனக்குப் புடிச்சவருக்குத்தான் போட்டன். நான் ஒண்ணும் உன் ஓட்டத் திருடல, டீச்சரு" என்றார்.

எனக்கு அந்தச் சாயங்காலம் முழுசாக ஞாபகம் வந்தது. கையில் நீலம் கலந்த வாளி. துவைத்துத் துவைத்து மங்கிப்போன என் ஒரே காட்டன் புடவை. டிவியில் மைக் முன்னால் அந்த மனிதர். சொல்லாமல் விட்டிருக்கலாம். இத்தனை வருஷம் அவர் ஆசையாக வைத்திருந்த விஷயம் அது. ஆனால் காலையில் அந்தக் கண்ணாடிக்குள் பார்த்த பிறகு இன்னொரு பொய்யை ஒட்டி வைக்க எனக்கு மனம் வரவில்லை.

"நான் அவரு சட்டையச் சொன்னங்க. அவ்ளோ வெள்ளையா இருந்துச்சி. என்ன சோப்பு போடுறாங்களோன்னு பாத்தன்."

இவர் என்னையே பார்த்தார். சிரிப்பாரா கோபப்படுவாரா என்று தெரியவில்லை. மோர் சாதத்தில் கை அப்படியே நின்றது. ஒன்பது எலக்‌ஷன், ஒன்பது கவர்கள் எல்லாம் அவர் கண்ணுக்குள் ஒவ்வொன்றாகப் பிரிவதுபோல இருந்தது. வெளியே தெருவில் ஆட்டோ ஒன்று வயசானவர்களை ஏற்றிக்கொண்டு பூத்துக்குப் போனது. அந்தச் சத்தம் அடங்கிய பிறகு அவர் கேட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, பதில் தெரியாத ஒருவர் கேட்கிற மாதிரி, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அப்ப உனக்கு யாரத்தான் புடிக்கும்?"

நான் நாற்காலியை இழுத்து எதிரில் உட்கார்ந்தேன். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அவருடைய இடது கையும் என்னுடைய இடது கையும் மேசை மேல் எதிரெதிரே இருந்தன, இரண்டு விரலிலும் மை கறுத்துக்கொண்டிருந்தது. நடுவில் அந்தக் கறை மின்னியது.